தேருக்குத் தேர் விழுகிற பெட்டி

பேருந்து என்னை ராஜபாளையத்தில் இறக்கிவிட்டு, என் பையைத் தென்காசிக்குக் கொண்டுபோய்விட்டது. பேருந்தைக் குற்றம் சொல்ல முடியாது. வழியை மறிக்கிறது என்று நடத்துநர் அந்தப் பையை மதுரையிலேயே வாங்கி ஓட்டுநர் பக்கத்தில் வைத்திருந்தார். நானோ நிறுத்தத்தில் வசுந்தராவைக் கண்ட வேகத்தில் பின்படியால் இறங்கி ஓடி, அவளைக் கட்டிப்பிடித்து, "நீ இவ்வளவு உயரம் எண்டு ஒரு நாளும் எழுதேல்லையே" என்று சொல்லிக்கொண்டிருந்தேன். திரும்பிப் பார்த்தபோது பேருந்தைக் காணோம். யாழ்ப்பாணத்திலிருந்து கடல் தாண்டிப் பத்திரமாக வந்த பை, நான் இறங்குகிற கடைசி நிறுத்தத்தில் கைவிட்டுப் போனது.

அந்தப் பைக்குள் என் உடுப்புகளோடு ஒரு சின்னக் கணினிப் பெட்டியும் இருந்தது. எனக்குக் கவலை அதைப் பற்றித்தான். உடுப்பை எங்கேயும் வாங்கலாம்.

வசுந்தரா ராஜபாளையத்துக்காரி. வீட்டில் தெலுங்கு, வெளியே தமிழ். காதர் கேபிள் என்ற நிறுவனத்தில் அவள்தான் ஒரே நெட்வொர்க் இஞ்சினியர். அவர்கள் ராஜபாளையத்துக்கும் ஸ்ரீவில்லிபுத்தூருக்கும் கேபிள் டிவியும் இணையமும் கொடுக்கிறார்கள். பெரிய கம்பெனிகள் இணையத்துக்கு வழி பிரித்துவிடுகிற விலைகூடிய ரவுட்டர்களை வைக்கிற இடத்தில், இவள் சாதாரணக் கணினிப் பெட்டிகளில் லினக்ஸ் என்ற இலவச இயங்குதளத்தைப் போட்டு ரவுட்டராக்கியிருந்தாள். பல வருட உழைப்பு. நான் கொக்குவிலில், வீட்டின் பின்னறையில் இருந்துகொண்டு, அந்த லினக்ஸின் கெர்னலுக்கு நிரல் எழுதுகிறவள். கெர்னல் என்பது கணினியின் அடிமடியில் ஓடுகிற நிரல். உலகம் முழுக்கப் பலர் சேர்ந்து எழுதுவது. அதில் லேபிள் ஒட்டிய பாக்கெட்டுகளைக் கையாளும் ஒரு மூலை உண்டு. அந்த மூலையைக் கூட்டித் துடைத்து வைத்திருக்கும் சிலரில் நானும் ஒருத்தி. அந்தப் பக்கம் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. ஒரு நாள் வசுந்தரா எட்டிப் பார்த்தாள், கையில் ஒரு புகாரோடு.

மாதக்கணக்கில் நாங்கள் இரண்டு பேரும் இங்கிலீஷில் வெகு மரியாதையாக மின்னஞ்சல் எழுதிக்கொண்டிருந்தோம். ஒரு நாள் அவள் அனுப்பிய பதிவின் நடுவில், பெட்டிக்கு அவள் கொடுத்த கட்டளைகளுக்கிடையே, "அய்யய்யோ" என்று ஒரு வரி கிடந்தது. அதைப் பார்த்துவிட்டு நான் சிரித்த சிரிப்பில் பக்கத்து வீட்டுச் சேவல் கூவியது. "தங்கச்சி, நீங்கள் தமிழோ?" என்று எழுதினேன். அதற்குப் பிறகு கதைத்துத் தீரவில்லை.

அவளுடைய புகார் இதுதான். வருடம் முழுக்க ஒழுங்காக ஓடும் ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெட்டி, ஆடிப்பூரத் தேரன்று மட்டும் விழுந்துவிடுகிறது. விழுவது என்றால் மேசையிலிருந்து அல்ல. கெர்னல் மூச்சடைத்து அப்படியே நின்றுவிடும். அதுவும் தேர் கிளம்புகிற நேரம் பார்த்து. காதர் கேபிள்தான் தேரோட்டத்தை நேரலையாகக் காட்டுகிறது. சவுதியிலும் சிங்கப்பூரிலும் இருக்கிற ஊர்க்காரர்கள் எல்லோரும் காத்திருந்து, தேர் அசைகிற நேரத்தில் கறுப்புத் திரையைப் பார்ப்பார்கள். மூன்று ஆடி இப்படியே போய்விட்டது. நிறுவனத்தின் உரிமையாளர் காதர் பாய் தீர்த்துச் சொல்லிவிட்டார்: இந்தத் தேருக்கும் விழுந்தால் வசுந்தராவின் பெட்டிகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, ஸ்ரீவில்லிபுத்தூரை மொத்தமாகப் பெரிய கம்பெனிக்குக் கொடுத்துவிடுவார்.

நான் அதே மாதிரிப் பெட்டியை என் பின்னறையில் வைத்து, என்னென்னவோ செய்து பார்த்தேன். விழ மாட்டேன் என்றது. எனக்கு ரோசம் வந்துவிட்டது. உலகத்தில் ஒரேயொரு ஊரில், ஒரேயொரு நாளில் மட்டும் வருகிற பிழை என்றால், அந்த ஊருக்கு அந்த நாளில் போய்ப் பார்த்துவிடுவது என்று கிளம்பிவிட்டேன்.

காதர் பாய் என்னைப் பார்த்ததும் முதலில் கேட்டது பெட்டியைப் பற்றி இல்லை, பையைப் பற்றி. வசுந்தரா விவரம் சொன்னாள். அவர் உடனே தென்காசியில் இருக்கிற தன் ஆளைப் போனில் கூப்பிட்டார்.

"ஏலே மஸ்தான், மதுரை வண்டி ஒண்ணு அங்க வருது. டிரைவர் பக்கத்துல நீலப் பை ஒண்ணு இருக்கும். வாங்கி அடுத்த வண்டியில ஏத்தி விடு. உள்ள மிஷின் இருக்கு, பாத்து." போனை வைத்துவிட்டு என்னிடம், "நீங்க கவலப்படாதீயம்மா. பை வந்துரும். மொதல்ல சாப்பிடப் போங்க," என்றார்.

பரோட்டாக் கடைக்குப் போனோம். எங்கள் ஊரில் கொத்துரொட்டி போடுகிறவர் தகட்டில் தட்டுகிற தாளத்தைத் தெருமுனையிலேயே கேட்கலாம். இங்கேயும் அதே தாளம். நான் கண்ணை மூடிக்கொண்டு கேட்டேன், சுகமாக இருந்தது. ஆனால் சால்னாவை ஒரு வாய் வைத்ததும் ஊரை மறந்துவிட்டேன். பரிமாறியவர் என் பேச்சைக் கொஞ்ச நேரம் கவனித்துவிட்டு, "கேரளாவுல இருந்துக்கிட்டு அக்கா நல்லாத் தமிழ் பேசுதீய," என்று பாராட்டினார். நான் திருத்தவில்லை. பாராட்டு யாருக்கு வந்தாலும் வாங்கி வைத்துக்கொள்வது என் பழக்கம். இன்னொரு பரோட்டா வாங்கிக்கொண்டேன்.

சாயங்காலம் பை வந்து சேர்ந்தது. அதன்மேல் ஒரு சீட்டும், கிழித்தெடுத்த இன்னொரு சீட்டின் மிச்சமும் இருந்தன. தென்காசியில் மஸ்தான் முதலில் "காதர் கேபிள்" என்று எழுதி ஒட்டியிருக்கிறார். அதற்குமேல் "ராஜபாளையம்" என்று இன்னொன்று. ஓட்டுநருக்கு ஊர் தெரிந்தால் போதும், யார் கடை என்பது அவருக்கு எதற்கு? ராஜபாளையம் வந்ததும் மேல்சீட்டைக் கிழித்துவிட்டு, அடிச்சீட்டைப் படித்துக் கடைக்குக் கொண்டுவந்து கொடுத்திருக்கிறார்கள். உள்ளே என்ன இருக்கிறது என்று வழியில் ஒருவரும் திறந்து பார்க்கவில்லை.

என் பிழைப்பே இதுதான் என்று காதர் பாயிடம் சொன்னேன். இணையத்தில் போகிற எல்லாத் தகவலும் பாக்கெட் பாக்கெட்டாகத்தான் போகும். எங்கள் முறையில் ஒவ்வொரு பாக்கெட்டின் தலையிலும் இப்படிச் சீட்டுகளை ஒட்டுவோம். அதற்கு லேபிள் என்று பெயர். மேல் லேபிள் எந்த ஊர்ப் பெட்டிக்கு என்று சொல்லும், அடி லேபிள் அங்கே யாருக்கு என்று சொல்லும். வழியில் உள்ள பெட்டிகள் மேலே இருப்பதை மட்டும் பார்த்து அனுப்பிக்கொண்டே இருக்கும். அடியில் இருக்கிற லேபிளில் மட்டும் ஒரு சின்ன அடையாளம் போட்டிருப்போம்: இதுதான் கடைசி, இதற்குப் பிறகு சரக்கு. காதர் பாய் பொறுமையாகக் கேட்டுவிட்டு, "நல்ல வெவரமாத்தான் இருக்கு. அப்ப ஏம்மா விழுது?" என்றார்.

அதற்குப் பதில் அந்த ஊரில் எல்லோரிடமும் இருந்தது. காதர் பாயைப் பொறுத்தவரை காரணம் காற்று. "ஆடிக்காத்துல அம்மியே பறக்கும். ஒங்க பெட்டி எம்மாத்திரம்? வயரு ஆடுது, பெட்டி விழுது." வசுந்தராவைப் பொறுத்தவரை காரணம் கூட்டம். தேரன்று அம்புட்டுப் பேரும் ஒரே நேரத்தில் பார்ப்பதால் பெட்டி தாங்கவில்லை. அதற்காகப் போன வருடம் இரண்டு மடங்கு பெரிய பெட்டி வாங்கினாள். அதுவும் அதே நேரத்தில் அதே மாதிரி விழுந்தது. நானும் கூட்டத்தின் பக்கம்தான் இருந்தேன். மறுநாள் என் சின்னப் பெட்டியை அவளுடைய பெட்டிகளோடு இணைத்து, தேர்க் கூட்டத்தைப்போலப் பல மடங்கு பாக்கெட்டுகளை அதற்குள் தள்ளிவிட்டோம். பகல் முழுக்க ஓட வேண்டிய சோதனை. மிஷின் வேலை செய்யும்போது மனுசர் எதற்கு என்று வசுந்தரா ஸ்கூட்டரை எடுத்தாள்.

மலையடிவாரத்து அய்யனார் கோவில் அருவிக்குப் போனோம். மலைக்கு அந்தப் பக்கம் மழை பெய்துகொண்டிருந்தது. இந்தப் பக்கம் தூறல் மட்டும் எட்டிப் பார்த்தது. யாழ்ப்பாணத்தில் மலையும் இல்லை, ஆறும் இல்லை. கிணற்றைத்தான் நாங்கள் எட்டிப் பார்த்துப் பெருமைப்படுவோம். தண்ணீர் மேலேயிருந்து தானாக விழுகிறதைப் பார்த்ததும் நான் உடுத்தியிருந்த உடுப்போடு உள்ளே போய் நின்றுவிட்டேன். தலையில் யாரோ மூட்டை மூட்டையாக அவிழ்த்துக் கொட்டியதுபோல இருந்தது. வெளியே வர மனமில்லை. வசுந்தரா கையைப் பிடித்து இழுத்தாள். அதற்குள் கரையில் வைத்திருந்த மாம்பழப் பையை ஒரு குரங்கு எடுத்துக்கொண்டு மரத்தில் ஏறிவிட்டது.

அந்த மாம்பழத்தால் எங்களுக்குள் சண்டை வந்தது. ராஜபாளையத்துச் சப்பட்டைக்கு ஈடாக உலகத்தில் மாம்பழம் இல்லை என்றாள் வசுந்தரா. கறுத்தக்கொழும்பானைச் சாப்பிடாத வாய் மாம்பழத்தைப் பற்றிக் கதைக்கக் கூடாது என்றேன் நான். ஸ்கூட்டரில் திரும்புகிற வழி முழுக்கக் காற்றோடு போட்டி போட்டுக் கத்திக்கொண்டே வந்தோம். நடுவில் அவள் அம்மா போனில் கூப்பிட்டார். "வஸ்தானம்மா," என்று, வந்துவிடுவதாகத் தெலுங்கில் அவரிடம் குழைந்துவிட்டு, அதே மூச்சில் என்னிடம், "கறுத்தப் பழமெல்லாம் அழுகின பழம்க்கா," என்றாள். இறங்கி நடந்துபோய்விடலாமா என்று யோசித்தேன். ஈர உடுப்பு, காட்டு வழி. வேண்டாம் என்று ஸ்கூட்டரை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.

கட்டுப்பாட்டு அறைக்குத் திரும்பினால் பெட்டிகள் எல்லாம் சுகமாக ஓடிக்கொண்டிருந்தன. எத்தனை தேர்க் கூட்டம் வந்தாலும் தாங்கும் என்று திரை சொன்னது. வசுந்தராவின் முகம் வாடிவிட்டது. விழுந்திருந்தால் எங்களுக்கு ஒரு பிடி கிடைத்திருக்கும். "நாளைக்கழிச்சுத் தேர்க்கா. அதுக்குப் பொறவு இந்த ரூம்ல எனக்கு என்ன வேல?" என்றாள். மாம்பழச் சண்டையை அந்த இடத்திலேயே வாபஸ் வாங்கி, சப்பட்டையும் சுமாரான பழம்தான் என்று ஒத்துக்கொண்டேன். அவள் சிரிக்கவில்லை.

மறுநாள், தேருக்கு முந்தின நாள், ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் போனோம். பேருந்தில் போகிறபோதே வயலுக்குமேலே கோபுரம் தெரிந்துவிட்டது. ஊருக்குள் நுழைந்தால் எந்தப் பக்கம் திரும்பினாலும் பால் காய்ச்சுகிற வாசனை. எங்கள் வீட்டில் ஆடிப்பிறப்புக்குப் பனங்கட்டி போட்டுக் கூழ் காய்ச்சுகிற வாசனைக்கு இது பக்கத்தில் வரும், ஆனால் கொஞ்சம் கூடுதலாகச் செல்லம் கொடுத்து வளர்த்த பிள்ளைபோல. வாசலிலேயே பெரிய சட்டியில் கிண்டிக்கொண்டிருந்த கடையில், சூட்டோடு இலையில் வைத்துப் பால்கோவா தந்தார்கள். நான் மூன்றாவது இலையை வாங்கியதும் கடைக்காரர், "அம்மா, ஊருக்குக் கொண்டு போறதுக்கும் செத்த மிச்சம் வைங்க," என்றார்.

அந்த இலையோடுதான் தேர் வீதிக்கு வந்தேன். நிலையில் நின்ற தேரைப் பார்த்துக் கழுத்து வலித்தது. கொக்குவிலில் எங்கள் குறிச்சி அம்மனின் தேர், வேலிக்கு நட்ட கதியால் கம்புகளுக்கு மேலே எட்டிப் பார்த்தால் பெரிய காரியம். இது மாடி வீடுகளைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றது. தேர் போகிற வீதியில் ஒருவர் ஏணியில் நின்று, குறுக்கே போன கேபிள்களை ஒவ்வொன்றாகக் கழற்றிச் சுருட்டிக்கொண்டிருந்தார். காதர் கேபிளின் சட்டை போட்டிருந்தார். பெயர் முருகேசன் என்று வசுந்தரா சொன்னாள்.

"அண்ணை, ஏன் கழட்டுறியள்?" என்று கேட்டேன்.

"தேர் வருதுல்லம்மா. அந்த ஒசரத்துக்குக் குறுக்க ஒரு வயரும் நிக்கக் கூடாது. வருசா வருசம் கழட்டுறதுதான்."

"எல்லாத்தையுமோ?"

"இன்னைக்கு வீட்டு வயரு. ராஜபாளையம் போற மெயின் வயரு நாளைக்குக் காலைல, தேர் கெளம்புறதுக்குக் கொஞ்சம் முன்ன. தேர் போன பொறவு திரும்ப மாட்டிருவோம்."

எனக்கு வாயில் இருந்த பால்கோவா இறங்கவில்லை. வசுந்தராவைப் பார்த்தேன். "அப்ப நாளைக்கு இணைப்பு என்னெண்டு போகும்?"

"மம்சாபுரம் வழியாச் சுத்திப் போயிரும்க்கா. அதுக்குத்தான ரெண்டு வழி போட்டு வச்சிருக்கு. தானா மாறிக்கிடும்."

"இதை ஏன் நீ எனக்கு ஒரு நாளும் சொல்லேல்லை?"

அவள் நிசமாகவே குழம்பிப்போய் என்னைப் பார்த்தாள். "இதுல சொல்றதுக்கு என்னக்கா இருக்கு? தேர்னா வயரக் கழட்டத்தான செய்வாங்க."

பெட்டியின் சூடு எவ்வளவு, மின்சாரம் எவ்வளவு, மின்விசிறியில் எவ்வளவு தூசி என்று மாதக்கணக்கில் எழுதியிருந்தாள். தூசியைப் படமெடுத்துக்கூட அனுப்பியிருந்தாள். வீதியிலிருந்து வயரையே கழற்றுகிறார்கள் என்பதை மட்டும் எழுதவில்லை. அவளுக்கு அது தீபாவளிக்கு வெடி போடுவார்கள் என்பதைப்போல ஒரு விசயம். அதை எந்தப் பைத்தியமாவது எழுதுமா? இந்த ஊரில் யாரைக் கேட்டாலும் இதைச் சொல்லியிருக்க மாட்டார்கள். கொக்குவிலில் இருந்துகொண்டு ஆயிரம் வருடம் தேடினாலும் நான் கண்டுபிடித்திருக்க மாட்டேன்.

மெயின் வயர் இறங்கினால் பாக்கெட்டுகள் மம்சாபுரம் வழியாகச் சுற்ற வேண்டும். சுற்ற வைப்பதற்காகப் பெட்டி ஏற்கெனவே இருக்கிற இரண்டு லேபிள்களுக்கும் மேலே இன்னொன்றை ஒட்டும்: "மம்சாபுரம் வழி." ஆக மூன்று லேபிள். என் பின்னறையில் நான் இரண்டுக்குமேல் ஒட்டிப் பார்த்ததே இல்லை. காற்றும் இல்லை, கூட்டமும் இல்லை. எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை. தேர் வீதியின் நடுவில், இலையைக் கையில் வைத்துக்கொண்டு குதித்தேன். முருகேசன் ஏணியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்.

ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பெட்டி இருக்கிற அறை தேர் வீதியைத் தாண்டி ஒரு சந்துக்குள் இருந்தது. அங்கே காதர் பாயை வரவழைத்தோம். ஒரேயொரு தடவை மெயின் வழியை மூடிப் பார்க்கிறோம், இரண்டு நிமிடம் போதும் என்று கெஞ்சினேன். நேரலைக்காக மூலை வீட்டு மாடியில் வைத்த கேமராவை, தேரன்றைப் போலவே இருக்கட்டும் என்று ஓடவிட்டிருந்தோம். அவர் தலையை ஆட்டியதும் வசுந்தரா கட்டளையைத் தட்டினாள். திரையில் எழுத்துகள் மளமளவென்று ஓடி நின்றன. பெட்டி விழுந்துவிட்டது.

நாங்கள் இரண்டு பேரும் கட்டிப்பிடித்துக்கொண்டு கூத்தாடினோம். "விழுந்திட்டுது அண்ணை, விழுந்திட்டுது," என்று காதர் பாயிடம் சொன்னேன். சாவு வீட்டில் சங்கு ஊதுகிறவன் சந்தோசமாக ஊதினால் எப்படிப் பார்ப்பார்களோ, அப்படி எங்களைப் பார்த்தார். அவருடைய இரண்டு போன்களும் ஒரே நேரத்தில் அடிக்க ஆரம்பித்தன. பெட்டியை உயிர்ப்பித்து முடிப்பதற்குள் பால்கோவாக் கடைக்காரரே நேரில் வந்துவிட்டார். "என்ன பாய், நாளைக்குத்தான போகும்? இன்னைக்கே போயிருச்சே," என்றார். அதைக் கேட்டதும் காதர் பாயின் முகம் சிவந்துவிட்டது.

"புதுசு எதுவும் போடணும்னா ஒரு தடவ நிறுத்திப் போட்டுக்கிடுங்க," என்றார் எங்களிடம். "சோதனைன்னு இன்னொரு தடவ வழிய மூடக் கூடாது. நாளைக்கு ஓடினா ஓடட்டும். விழுந்தா நான் சொன்னது சொன்னதுதான்."

பெட்டி விழுகிறபோது கக்கிய எழுத்துகளை வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். கெர்னலில் எந்த வரி என்று அது விரல் நீட்டிக் காட்டியது. பெரிய பாக்கெட்டாக வந்தால் அதைத் துண்டு துண்டாக வெட்டி, ஒவ்வொரு துண்டின் தலையிலும் அதே லேபிள்களை மறுபடி ஒட்ட வேண்டும். அதற்கு லேபிள்கள் எங்கே முடிகின்றன என்று தெரிய வேண்டும். கடைசி லேபிளில் அடையாளம் இருக்கிறதே, அதைத் தேடிப் போயிருக்கலாம். எப்போதோ யாரோ ஒரு புண்ணியவான், எப்படியும் இரண்டுதானே இருக்கும் என்று நினைத்து, இரண்டு லேபிள் நீளத்தைக் கண்ணை மூடிக்கொண்டு தாண்டியிருந்தார். மூன்றாவது வந்தபோது கெர்னல் அதைச் சரக்கென்று நினைத்துப் பிரித்தது. அந்தக் குப்பையில் பாக்கெட்டின் நீளத்தைத் தேடி, இல்லாத இடத்துக்குப் போய் மூச்சடைத்தது.

எண்ணாமல் தேடிப் போ என்று மாற்றுவதற்குச் சில வரிகள் போதுமாயிருந்தன. என் சின்னப் பெட்டியில் மூன்று லேபிள் ஒட்டி அனுப்பினேன், ஓடியது. நாலு ஒட்டினேன், ஐந்து ஒட்டினேன்; ஓடியது. புதுக் கெர்னலை வசுந்தரா எல்லாப் பெட்டியிலும் போட்டாள். ஆனால் என் பெட்டி என் பெட்டிதான். கொக்குவிலிலும் எல்லாம் நன்றாக ஓடியதை நினைத்தால் எனக்கே என்மேல் நம்பிக்கை வரவில்லை.

திருத்தத்தை மற்றவர்கள் பார்வைக்கும் அனுப்பிவிட்டேன். பிழையை எப்படி வரவழைப்பது என்று கூடவே எழுத வேண்டும் என்பது எங்கள் வழக்கம். நடந்ததை நடந்தபடியே எழுதினேன்: பெரிய தேர் ஒன்றைத் தெருவில் இழுக்கவும். காலையில் இட்லி சாப்பிடும்போது நார்வேயிலிருந்து ஒருவர் பதில் போட்டிருந்தார். நிரல் சரியாகத்தான் தெரிகிறது, ஆனால் தன்னிடம் தேர் இல்லை, அதற்குப் பதிலாக ஏதாவது கட்டளை உண்டா என்று கேட்டிருந்தார். வசுந்தரா அதைப் படித்துவிட்டு இரண்டு நாளுக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தாள். பிறகு திரையைப் பார்த்துக்கொள்ள அவள் ராஜபாளையத்தில் உட்கார்ந்துவிட, நான் தேருக்குப் போனேன்.

கூட்டம் என்றால் கூட்டம். யார் காலில் யார் நிற்கிறார்கள் என்று தெரியவில்லை. முருகேசன் ஏணியில் ஏறி மெயின் வயரை இறக்குவதை என் கண்ணாலேயே பார்த்தேன். அந்த நொடியில் பாக்கெட்டுகள் மம்சாபுரத்துக்குத் திரும்பியிருக்கும். வசுந்தராவைக் கூப்பிடலாம் என்று போனை எடுத்தால் அது செத்துக் கிடந்தது. பொழுது விடிந்ததிலிருந்து பார்த்ததையெல்லாம் வீடியோ எடுத்துத் தள்ளியிருக்கிறேன், வேறென்ன ஆகும்? மூலை வீட்டு மாடியில் கேமராவுக்குப் பக்கத்தில் காதர் பாய் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். அவர் முகத்தை அங்கிருந்து படிக்க முடியவில்லை.

பெண்கள் நின்ற பக்கத்தில் வடத்தைப் பிடித்தேன். என் கைக்குள் அது அடங்கவில்லை. "கோவிந்தா" என்று ஒரு சத்தம் எழுந்தது, வடம் விறைத்தது, கொஞ்ச நேரம் ஒன்றுமே நடக்கவில்லை. பிறகு தேர் அசைந்தது. உள்ளங்கை வழியாக அந்த அசைவு என் தோள்வரைக்கும் வந்தது. எனக்கு என்ன வந்ததென்று தெரியவில்லை, அழுகை பொத்துக்கொண்டு வந்துவிட்டது. தேர் ஓடுகிறது. இதே வேளையில்தான் மூன்று ஆடியாகப் பெட்டி விழுந்திருக்கிறது. இப்போது விழுந்ததா, நிற்கிறதா?

தேர் கொஞ்சம் நின்றபோது வடத்தை விட்டு ஓரமாக வந்தேன். எனக்கு முன்னால் வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் ஒரு காதைப் பொத்திக்கொண்டு மறு காதில் போனை வைத்துக் கத்திக்கொண்டிருந்தார். "ஏலே தம்பி, தேரு தெரியுதா? எங்க, கேபிள்லயா?"

நான் அவர் தோளைத் தட்டினேன். "அண்ணை, ஆர் அது? எங்கயிருந்து பாக்கிறார்?"

"எந் தம்பிம்மா, சவுதியில இருக்கான். தேரு தெரியுதாம்."

எனக்கு நம்பிக்கை வரவில்லை. போன வருடத்துப் படமாக இருக்கலாம். யாராவது கைபேசியில் எடுத்துப் போட்டதாக இருக்கலாம். நிரல் எழுதுகிறவளுக்கு யாருடைய சொல்லும் போதாது. தூரத்தில் ஒரு கணினி உயிரோடு இருக்கிறதா என்று அறிய நாங்கள் சின்னதாக ஒன்றை அனுப்பிவிட்டு, அது திரும்பி வருகிறதா என்று காத்திருப்போம். "அவரிட்ட ஒண்டு கேளுங்கோ," என்றேன். "நான் இப்ப கையை ஆட்டுறன். தெரியுதோ எண்டு."

அவர் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு, சொன்னார். நான் கேமரா இருந்த மாடியைப் பார்த்து இரண்டு கையையும் தலைக்குமேல் தூக்கி ஆட்டினேன். தனக்குத்தான் என்று நினைத்துக் காதர் பாய் மேலேயிருந்து பதிலுக்குக் கை காட்டினார். தேர் மறுபடி நகர ஆரம்பித்தது. எல்லோரும் தேரைப் பார்த்தார்கள், நான் அந்த மனிதரின் போனைப் பார்த்தேன். மம்சாபுரம் போய், ராஜபாளையம் போய், கடல் தாண்டிப் போய், ஒரு வீட்டுத் திரையில் தெரிந்து, ஒரு மனிதன் வாயைத் திறந்து சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கையை இறக்காமல் நின்றேன். தோள் வலித்தது.

"மஞ்சச் சேலை கட்டின அம்மாவா?" என்று அவர் போனில் கேட்டார். பிறகு திரும்பி என் சேலையைப் பார்த்தார், முகத்தைப் பார்த்தார். "ரெண்டு கையையும் ஆட்டுறீயளாம். அழுதுகிட்டே ஆட்டுறீயளாம். எதுக்கும்மா அழுறீய?"

"தேர் ஓடுது அண்ணை," என்றேன்.